பின்னட்டைக்காரர் வாசிக்காத சுரம்

முப்பது வயதுக்காரன் தன்னை ஓய்வு பெற்றவன் என்று சொல்லிக்கொண்டால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எட்டரை வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஒரே வேலையைப் பார்த்தேன். போன மாதம் அந்த நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிட்டேன். இப்போது ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். பழைய வேலையைப் பற்றி எழுதித் தரச் சொல்லி, ஏனாத்தூரில் நான் படித்த கல்லூரியின் இசை மன்றப் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். ஆக, ஓய்வு பெற்றவனுக்கு உண்டான எல்லா இலட்சணமும் வந்துவிட்டது, முதுகுவலி உட்பட.

வேலை இதுதான். ஐயம்பேட்டையில் ஒரு சின்ன ஒலிப்பதிவு ஸ்டுடியோ. அங்கே யார் பாட வந்தாலும் அவர்களுக்குக் கீபோர்டு வாசிக்க வேண்டும். காலையில் அம்மன் பாட்டு, மத்தியானம் கிறிஸ்துமஸ் கீதம், சாயங்காலம் ஜவுளிக்கடை விளம்பரம். அம்மனுக்கும் இயேசுவுக்கும் பட்டுப்புடவைக்கும் ஒரே பத்து விரல்தான்.

பிள்ளைகளின் கேள்வி நேராகவே இருந்தது. "அண்ணா, இப்போ சிஸ்டமே வாசிக்குது. பழைய ராக் பியானோ, கொஞ்சம் சோகமான்னு டைப் பண்ணா உடனே வந்துடுது. நீங்க எட்டு வருஷம் அப்படி இன்னாதான் பண்ணீங்க?"

கேள்வியில் கிண்டல் இல்லை. நானும் கேட்டுப் பார்த்தேன். சிஸ்டம் நன்றாகத்தான் வாசிக்கிறது, என்னைவிடச் சுத்தமாக. அதனால் சண்டைக்கு வரவில்லை. அந்த எட்டரை வருடமும் முகம் தெரியாத ஒரு மனிதரின் வாசிப்பை நான் நேசித்தேன். அவர் செய்த ஒரு காரியம் மட்டும் எனக்கு விளங்கவே இல்லை. விளங்கிய அன்று என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

கற்றுக்கொண்ட கதை சின்னது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா அரிசி மில்லில் மூட்டை தூக்கினார். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போனாள், இன்றும் போகிறாள். மாகறல் போகிற சாலையில் இருக்கும் எங்கள் சர்ச்சுக்கு யாரோ ஒரு கீபோர்டு வாங்கிக் கொடுத்தார்கள். வாசிக்க ஆள் இல்லை. எனக்குத் தெரியாது, ஆனால் பயமும் இல்லை. அப்படித்தான் ஆரம்பித்தது. பி.காம். முடித்ததும் ஸ்டுடியோவில் கூப்பிட்டார்கள். அப்பாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்.

"ஒக்காந்து பாக்குற வேலையா?"

"ஆமாப்பா."

"அப்போ போ."

எட்டரை வருடம் கழித்து அரசு வேலை வந்தபோதும் இதே சந்தேகத்தைத்தான் கேட்டார். ஆமாம் என்றேன். "அதுவும் ஒக்காந்து, இதுவும் ஒக்காந்துதான்னா, அத்த ஏன்டா உட்ட?" என்றார். 

இனி, நான் நேசித்த மனிதர். கல்லூரியில் ஹாஸ்டல் நண்பன் ஒருவன் ஒரு பென் டிரைவ் கொடுத்தான். அதில் பழைய ஆங்கில ராக் பாட்டுகள். நான் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே லண்டன் பக்கம் பதிவானவை. யாரோ ஒரு புண்ணியவான் பாட்டுகளோடு இசைத்தட்டுகளின் அட்டைகளையும் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படம் பிடித்துப் போட்டிருந்தார். முன்னட்டையில் நாலு பேர் தோள் வரை முடி வளர்த்துக்கொண்டு, உலகத்தின் மேலேயே கோபமாக நிற்பார்கள். பாட்டைப் போட்டால் கிடாரும் டிரம்ஸும் வீட்டை இடிப்பது போலக் கிளம்பும். அந்த இடிபாட்டுக்கு நடுவில் யாரோ ஒருவர் அமைதியாகப் பியானோ வாசித்துக்கொண்டிருப்பார். கல்யாணப் பந்தி நெரிசலில் யார்மேலும் இடிக்காமல், ஒரு சொட்டுச் சிந்தாமல், ரசவாளியோடு நடந்து போகிற ஆள் மாதிரி.

முன்னட்டையில் நின்ற நாலு பேரில் யாரும் பியானோக்காரர் இல்லை. பின்னட்டைப் படத்தைப் பெரிதாக்கினேன். எழுத்து உடைகிற மட்டும் பெரிதாக்கினேன். ஒலிப்பதிவு செய்தவர் பெயருக்கும் அட்டை அச்சடித்த இடத்துக்கும் நடுவில் பொடி எழுத்தில் 'பியானோ' என்று போட்டு ஒரு பெயர். வேறொரு குழுவின் பின்னட்டையிலும் அதே பெயர். இன்னொன்றிலும். ஏழு குழுக்களின் பின்னட்டையில் அதே ஆள்! எந்தக் குழுவிலும் அவர் உறுப்பினர் இல்லை. கூப்பிட்டால் வருவார், வாசிப்பார், போய்விடுவார். நான் ஸ்டுடியோவில் செய்யப்போகிற வேலையை எனக்கு முன்பே ஒருவர் அங்கே செய்து முடித்திருந்தார். அவர் பெயர் எங்கள் வாயில் ஒழுங்காக நுழையவில்லை. அதனால் ஸ்டுடியோவில் அவருக்குப் 'பின்னட்டைக்காரர்' என்று பெயர் வைத்துவிட்டோம்.

அவரிடம் எனக்குப் பிடித்தவற்றைச் சொல்ல ஆரம்பித்தால் பிள்ளைகளின் பத்திரிகை தாங்காது. அடியில் பேஸ் கிடார் போய்க்கொண்டிருந்தால் அவருடைய இடது கை அந்தப் பக்கமே வராது. மடியில் கிடக்கும் என்று நினைக்கிறேன். பாடகர் பாடும்போது குறுக்கே பேசமாட்டார். வரி முடிந்து பாடகர் மூச்சு வாங்குகிற இடத்தில் நாலே சுரம், பக்கத்தில் இருப்பவர் "அப்புறம்?" என்று கேட்பது போல. ஒரு பாட்டில் முதல் இரண்டு சரணம் முழுக்க ஒன்றுமே வாசிக்கவில்லை. மூன்றாவதில் வந்தார். ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

விளங்காதது இதுதான். எந்தப் பாட்டுக்கும் வீடு மாதிரி ஒரு சுரம் உண்டு. எங்கே சுற்றினாலும் முக்கியமான வரியின் கடைசியில் எல்லா வாத்தியமும் அங்கே வந்து இறங்கும். இவர் மட்டும் இறங்கமாட்டார். வாசற்படி வரை வந்து கையை எடுத்துவிடுவார். பாடகர் தனியாக உள்ளே போவார். பாட்டுக்குப் பாட்டு இதைக் கேட்டேன். மறதியா? அலட்சியமா? சரியாக அந்த நேரத்தில் யாராவது டீ கொண்டுவந்து நீட்டிவிடுகிறார்களா?

ஸ்டுடியோவின் முதலாளி, ஒலிப்பதிவாளர், கூட்டிப் பெருக்குகிறவர் எல்லாம் ஸ்டெல்லா அக்காதான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு டேக், அதாவது ஒரு தடவை வாசித்துப் பதிவானது, நன்றாக வந்ததா இல்லையா என்று வாயால் சொல்லமாட்டார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருப்பார். நான் வாசிக்கும்போது அக்கா பாட்டுக்குக் கடலையை உடைத்துத் தின்றுகொண்டிருந்தால், வாசிப்பு வெறும் வாசிப்பு. நன்றாகப் போனால் உடைக்கிற கை அப்படியே நின்றுவிடும். வருடத்தில் ஏழெட்டு முறை நிற்கும். சேர்ந்த புதிதில் பசி தாங்காமல் ஒரு கைப்பிடி கேட்டுவிட்டேன். பொட்டலத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இது மீட்டருபா. மீட்டர யாராச்சும் துன்னுவாங்களா?"

முதல் வருடம் முழுக்க அந்தக் கை நிற்கவே இல்லை. காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. பின்னட்டைக்காரரிடம் கேட்ட அலங்காரங்களை எல்லாம் அம்மன் பாட்டில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அக்கா ஹெட்போனைக் கழற்றிவிட்டு வந்தார். "இன்னாபா இது? பந்தியில எல்லாத்தையும் ஒரே எலையில கொட்டின மாதிரி. நாளைக்கு வரும்போது அந்த எடது கைய ஊட்லயே வெச்சிட்டு வா."

ஒலிப்பதிவு முறையைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். முதலில் மின்விசிறியை நிறுத்த வேண்டும். அடுத்து ஃபிரிட்ஜ். ஃபிரிட்ஜை நிறுத்தும்போது அக்கா தன் வண்டிச் சாவியை அதற்குள்ளே வைத்துவிடுவார். வீட்டுக்குப் போகச் சாவி தேடும்போது ஃபிரிட்ஜைத் திரும்பப் போடுகிற நினைவு வரும். ஒரு முறை மறந்துபோய் இரண்டு நாள் மாவு புளித்து வழிந்ததிலிருந்து இந்த ஏற்பாடு. பிறகு ஜன்னலுக்கு மெத்தை. பிறகு அரை நிமிடம் வெறும் அறையின் சத்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். அந்த அரை நிமிடத்தில் அசையக்கூடாது. பாட வந்தவர்கள் இதைப் பிரார்த்தனை என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொள்வார்கள். கை கூப்பியவர்களும் உண்டு. நாங்கள் மறுத்ததில்லை.

இத்தனை செய்தாலும் ஒன்றை நிறுத்த முடியாது. ஸ்டுடியோவைச் சுற்றி மூன்று பக்கமும் தறி. மெத்தையைத் தாண்டி 'டக் டக்' என்று வந்துகொண்டே இருக்கும். வேகமான பாட்டு என்றால் தாளத்தில் கரைந்துவிடும். மெதுவான பாட்டுக்கு ஒரே வழி அமாவாசை. அன்று நெசவாளர்கள் தறியில் உட்காரமாட்டார்கள். தெருவே மூச்சை அடக்கியது போல இருக்கும். தாலாட்டு, இரங்கல் பாட்டு, சன்னமான குரல் எல்லாவற்றையும் அமாவாசைக்கு ஒதுக்குவோம். நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். ஆனால் எந்த மாதம் எந்தத் தேதியில் அமாவாசை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இந்தப் பெருமையில்தான் ஒரு முறை நன்றாக மாட்டிக்கொண்டேன்.

போன வருடம் சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து வேதவல்லி என்று ஒரு மேடம் வந்தார். வங்கியில் வேலை, நாற்பத்தைந்து வயதிருக்கும். கூடவே கணவர் பார்த்தசாரதி சார், நெற்றியில் பளிச்சென்று திருமண், கையில் வெந்நீர் பிளாஸ்க். தலைமுறை தலைமுறையாகப் பெருமாள் கோயிலில் பிரபந்தம் சேவிக்கிற குடும்பம். நான் கேட்காமலே சுருதிப் பெட்டியைத் துடைத்து வைத்தேன்.

"அது வேண்டாம்" என்றார் மேடம். "இது ராக் பாட்டு."

பார்த்தசாரதி சார் பிளாஸ்க் மூடியைத் திருகுவதை நிறுத்தினார். "ராக்குன்னா?"

"இரைச்சலா இருக்குமே, அது."

"அது உனக்கு வருமா?"

"காலேஜ் படிக்கறச்சே நானே எழுதினது. ஆத்துல யாருக்கும் தெரியாது."

"கல்யாணம் ஆகிப் பதினெட்டு வருஷம் ஆச்சே?"

"நீங்க கேக்கலையே" என்றார் மேடம்.

பிறகு என்னையும் அக்காவையும் பார்த்து, வங்கியில் படிவம் நிரப்பச் சொல்லித் தருகிற அதே குரலில் விஷயத்தைச் சொன்னார். கழுத்தில் தைராய்டு கட்டி. சென்னையில் அறுவை சிகிச்சை. குரலுக்குப் போகிற நரம்பு அதை ஒட்டியே ஓடுகிறது. "டாக்டர் ரொம்ப நல்லவர். எல்லாம் சரியா இருக்கும்னுதான் சொல்றார். ஆனா, குரல் மாறினாலும் மாறலாம்னு எழுதி, கீழ கையெழுத்து வாங்கிண்டார். அதுக்கு முன்னாடி இந்தக் குரல்ல ஒரே ஒரு தடவை பாடி வெச்சுடணும்."

பாட்டு அவர் சொன்ன அளவுக்கு இரைச்சல் இல்லை. ஒரு பெண் வெகு நாள் கழித்து வீட்டுக்கு வருகிறாள். வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். ஒவ்வொரு சரணமும் "நான்தான், கதவைத் திற" என்று முடியும். அந்தத் 'திற'தான் நான் சொன்ன வீட்டுச் சுரம்.

ஒத்திகையில் என் கைவசம் இருந்த எல்லாவற்றையும் இறக்கினேன். இரண்டாவது சரணத்தில் மேடம் கையை உயர்த்தினார்.

"அருள், இந்த இடம் நீங்க இல்ல." அப்படிச் சொல்லிவிட்டுப் பின்னட்டைக்காரரின் பெயரைச் சொன்னார், சுத்தமான உச்சரிப்பில்!

எனக்கு நாற்காலி ஆடியது. காஞ்சிபுரம் சுற்றுவட்டாரத்தில் அந்தப் பெயர் தெரிந்த இன்னொரு ஜீவன். கல்லூரிக் காலத்தில் ஒலிநாடாவில் கேட்டாராம். அடுத்த அரை மணி நேரம் நாங்கள் இருவரும் பேசிய பேச்சை அக்கா கடலையை உடைத்துக்கொண்டு கேட்டார். பார்த்தசாரதி சார் வெந்நீரைத் தானே ஊற்றிக் குடித்தார். கடைசியில் மேடம் சொன்னார். "அவர் வாசிச்சது அவர் பாட்டுக்கு. அதை இங்க கொண்டு வராதீங்கோ. என் பாட்டைக் கேட்டுட்டு வாசியுங்கோ."

சரி என்றேன். உள்ளுக்குள் கொஞ்சம் கோபம்தான்.

மெதுவான பாட்டு, இளைத்த குரல். தேதியை நானே குறித்தேன். அமாவாசை. அன்று சாயங்காலம் அவர்கள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், நாலு மணிக்குக் கார். சார் தர்ப்பணம் முடித்து, சாப்பிட்டு, பன்னிரண்டு மணிக்கு ஸ்டுடியோவுக்கு வந்துவிடுவதாகப் பேச்சு.

அமாவாசை காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. பத்து நிமிடத்தில் வரும் என்று பார்த்தேன். தெருமுனையில் கம்பத்தின் மேல் லைன்மேன் உட்கார்ந்திருந்தார். போய்க் கேட்டேன்.

"மெசேஜ் வர்லியா சார்? பராமரிப்பு வேலை. சாயங்காலம் அஞ்சுக்குதான் வரும்."

"இன்னிக்குன்னு பார்த்தா வெப்பீங்க?"

"தெருக்காரங்கதான் எழுதிக் குடுத்தாங்க சார். தறிக்கு லைட்டு வேணும், நூல் சுத்துற மோட்டாருக்கு கரண்ட் வேணும், வேலை நாள்ல நிறுத்தாதீங்க, அமாவாசைல வெச்சிக்கோங்கன்னு. இனிமே எப்ப பராமரிப்பு வந்தாலும் அமாவாசைலதான்."

மெசேஜ் வந்துதான் இருந்தது. படிக்கவில்லை. நாங்கள் எந்தக் காரணத்துக்காக அந்த நாளைத் தேர்ந்தெடுத்தோமோ அதே காரணத்துக்காக இன்னொருவரும் தேர்ந்தெடுப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. குடும்பத்திலேயே முதலில் படித்தவன் நான். ஒரு மெசேஜைப் படிக்கவில்லை.

அக்கா திட்டவில்லை. ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தால் அந்தச் சத்தம் மைக்கில் ஏறும். லேப்டாப்பில் சார்ஜ் இருந்தது, ஒன்றரை மணி நேரம் தாங்கும், மைக்கும் அதிலேயே ஓடும். கீபோர்டு மட்டும் ஓடாது.

"கரண்ட் இல்லாத பியானோவுக்கு எங்கபா போறது?" என்றார் அக்கா. கேட்ட பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

எங்கள் சர்ச்சுப் பக்கமும் அன்று கரண்ட் கிடையாது, ஆனால் அங்கே ஒன்று இருந்தது. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் விட்டுப்போன மரப் பியானோ. கீபோர்டு வந்த பிறகு அதன்மேல் பூ ஜாடி வைப்பார்கள். சர்ச்சைக் கூட்டிப் பெருக்குவது அம்மாவின் முறை. சாவியும் அவளிடம்தான். போனில் கேட்டேன்.

"சாவி எதுக்குடா? இன்னிக்கி இன்னா ஞாயித்துக்கிழமையா?"

"பியானோ வேணும்மா."

"அதுல எலி குடும்பம் பண்ணிக்கினு இருக்குதுடா. சரி, வா."

வேதவல்லி மேடத்துக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன்.  "பியானோ நிஜப் பியானோவா?" என்று மட்டும் கேட்டார். நாலு பேரும் ஓர் ஆட்டோவில் ஏறி மாகறல் சாலையில் போனோம். பார்த்தசாரதி சார் மடியில் பிளாஸ்க், அக்கா மடியில் லேப்டாப், என் மடியில் மைக் ஸ்டாண்டு. சர்ச் வாசலில் சார் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, "உள்ள வந்தா வலப்பக்கமா சுத்தணுமா, எப்படி?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். "சும்மா உக்காந்தா போதும் சார்" என்றேன். முதல் பெஞ்சில் போய் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அம்மா வயலிலிருந்து அப்படியே வந்திருந்தாள், கணுக்கால் வரை சேறு. மேடத்தை ஏற இறங்கப் பார்த்தாள். "நீதான் பாட்றியாமா? பாடு, பாடு. காக்காய நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஒரு குச்சியோடு வாசலுக்குப் போய்விட்டாள்.

பூ ஜாடியை இறக்கி மூடியைத் திறந்தேன். ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்தேன். பதினொரு கட்டைகள் செத்திருந்தன. அழுத்தினால் சுரம் வராது, 'டொக்' என்று மரச்சத்தம்தான். பத்தைப் பற்றிக் கவலை இல்லை, சுற்றிக்கொண்டு போகலாம். பதினொன்றாவது, நட்டநடுவில் இருந்த வீட்டுச் சுரம். 'திற'.

சுருதியை மாற்றிப் பார்த்தோம். அரைப்படி ஏற்றினால் மேடத்துக்கு இருமல் வந்தது. இறக்கினால் வரியின் தொடக்கம் மூச்சோடு போனது. அவர் குரல் நிற்கிற இடம் ஒன்றே ஒன்று. அந்த இடத்தின் கட்டைதான் செத்திருந்தது.

"மூணு தடவை பாடுவேன்" என்றார் மேடம். "அதுக்கு மேல வராது. எனக்குத் தெரியும்."

விசிறி ஓடவில்லை, ஃபிரிட்ஜ் இல்லை, மெத்தை தேவையில்லை. அரை நிமிடம் வெறும் சர்ச்சைப் பதிவு செய்தோம். பார்த்தசாரதி சார் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா கடலைப் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். கண்ணாடித் தடுப்பு இல்லாத இடத்தில் கடலை உடைத்தால் பதிவாகிவிடும். மீட்டர் இல்லாமல் வாசிப்பது எனக்கு அதுதான் முதல் முறை.

முதல் டேக்கில் என் கை பழக்கத்தில் போய் அந்தக் கட்டையிலேயே விழுந்தது. "நான்தான், கதவைத்..." 'டொக்'. மேடம் சிரித்துவிட்டார். சிரிப்பு இருமலாகி, சார் வெந்நீரோடு ஓடிவந்தார். ஒன்று போயிற்று.

இரண்டாவது டேக்கில் புத்திசாலித்தனமாக, அதே சுரத்தைக் கீழே இடது கையில் பிடித்தேன். அது உயிரோடு இருந்தது, கனமாகவும் இருந்தது. மேடம் 'திற'வுக்கு வருவதற்கு ஒரு நூலிழை முன்னால் நான் அங்கே போய் நின்றேன். பிசகே இல்லாத டேக். முடிந்ததும் அக்காவைப் பார்த்தேன். அவர் கையில் கடலையும் இல்லை, முகத்தில் ஒன்றும் இல்லை. வழக்கத்துக்கு விரோதமாக வாயைத் திறந்து பேசினார்.

"அருளு, அந்தக் கீழ் சொரத்த உட்ருபா. அவங்க வந்து வாசல்ல நிக்கிறதுக்குள்ள நீ முந்திக்கினு போய் கதவ தொறந்துட்டா, அவங்க எதுக்குத் தட்டணும்?"

லேப்டாப்பில் சார்ஜ் கால் பங்கு இருந்தது. மேடத்தின் குரலில் அதுவும் இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.  செத்த கட்டையின்மேல் ஒரு செம்பருத்தி இதழைப் பூ ஜாடியிலிருந்து எடுத்து வைத்தேன், கை போகாமல் இருக்க. இடது கையை மடியில் போட்டுக்கொண்டேன்.

மூன்றாவது டேக். முதல் சரணம் முழுக்க அவர் பாடிய வரிகளுக்கு நடுவில் இரண்டு, மூன்று சுரம்தான் வாசித்தேன். கடைசி வரி வந்தது. படி ஏறினேன். வாசற்படியில், இதழுக்கு முந்தின கட்டையில், கையை எடுத்தேன். பியானோவின் ஒலி தேய்ந்துகொண்டிருந்த அந்த இடத்துக்குள் மேடம் தனியாக வந்தார். "திற." குரல் நடுவில் ஒரு கீறல் விழுந்தது. கீறலோடு நின்றது. வெகு நேரம் நின்றது.

பின்னட்டைக்காரர் டீ குடிக்கப் போகவில்லை என்று அப்போது தெரிந்தது.

 அக்கா நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். பார்த்தசாரதி சார் பிளாஸ்க்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார், அன்றுதான் பெண் பார்க்க வந்தவர் போல. வாசலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"அப்புறம் கதவ தொறந்தாங்களா இல்லியாமா?"

"பாட்டுல அது இல்லம்மா" என்றார் மேடம்.

"அது இன்னா பாட்டு போ. இம்மா நேரம் கூப்ட்டாளே அந்தப் பொண்ணு" என்றாள் அம்மா, உண்மையான வருத்தத்தோடு.

நாலு மணிக்கு அவர்கள் கார் ஏறினார்கள். கரண்ட் அஞ்சேகாலுக்கு வந்தது.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, கட்டியில் பயப்பட ஒன்றும் இல்லை என்று சார் செய்தி அனுப்பினார். குரலைப் பற்றி எழுதவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பாட்டை மட்டும் அனுப்பிவைத்தோம். சார் தானே போனில் ஓர் அட்டைப்படம் செய்து அனுப்பினார், பச்சைக் கதவு ஒன்றின் படம். அடியில் பொடி எழுத்தில் 'பியானோ: அருள்'. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. விரலை வைத்துக் காட்டினேன்.

"இங்கியா? இம்மாத்தூண்டா? பெருசா போடச் சொல்லக் கூடாதாடா?"

"இதுக்கு இதான்மா சைஸு" என்றேன். எனக்கு அந்தப் பொடி எழுத்தில் இருந்த சந்தோஷத்தை அவளிடம் எப்படிச் சொல்வது?

மூன்று மாதம் கழித்து மேடம் ஸ்டுடியோவுக்கு வந்தார். வாயைத் திறந்ததும் நான் திரும்பி வாசலைப் பார்த்தேன், வேறு யாரோ பேசுகிறார்கள் என்று. குரல் நன்றாக இறங்கியிருந்தது, ஓரத்தில் கரகரப்பு. பழைய குரல் போய்விட்டது. அவருக்கும் அது தெரியும். அதனால் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

"ஒண்ணு கேக்கணும் அருள். அந்தக் கடைசி 'திற'வுக்கு முன்னாடி, அவரை மாதிரியே கையை எடுத்தீங்களே. அவர் மாதிரி வாசிக்க வேண்டாம்னு நான் சொல்லியும், ஏன்?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "அவருக்காக எடுக்கல மேடம். அந்தக் கட்டைதான் செத்துப்போச்சே."

ஒரு கணம் பார்த்தார். பிறகு சிரித்தார். புதுக் குரலில் அவர் சிரித்து அன்றுதான் கேட்டேன். ஸ்டுடியோ ஜன்னல் அதிர்ந்தது.

"அப்போ அவருக்கும் அப்படித்தானோ என்னவோ! ஏதோ ஸ்டுடியோ, ஏதோ ஓட்டைப் பியானோ."

"ஏழு குழுவிலுமா மேடம்?"

"ஏன், லண்டன்ல எலி கிடையாதா?"

போகும்போது படியில் நின்று, "இந்தக் குரலுக்கு ஏதாவது சுருதி இருந்தா சொல்லுங்கோ. பழக்கிப் பார்க்கறேன்" என்றார்.

எனக்கு அரசு வேலை உத்தரவு வந்ததும் முதலில் அவருக்குத்தான் சொன்னேன். என் கடைசி நாளுக்குத் தானே வருவதாகச் சொன்னார். அன்றும் அமாவாசை. இந்த முறை போனில் வந்த மெசேஜ் ஒவ்வொன்றையும் படித்தேன், லைன்மேனையும் நேரில் பார்த்துக் கேட்டேன். பராமரிப்பு அடுத்த மாதம்தான். விசிறியை நிறுத்தினோம். ஃபிரிட்ஜுக்குள் சாவி போயிற்று. அரை நிமிடம் தெருவின் அமைதியைப் பதிவு செய்தோம். பார்த்தசாரதி சார் கண்ணைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

அதே பாட்டு. ஐந்து படி கீழே ஒரு சுருதியைக் கண்டுபிடித்திருந்தோம். பழைய குரலில் வாசலில் நின்றவள் ஒரு சின்னப் பெண். இந்தக் குரலில் நின்றவளுக்கு வயதாகியிருந்தது, வெகு தூரம் நடந்து வந்திருந்தாள், கூப்பிட்டால் கேட்கும் என்று தெரிந்தும் இருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடலை உடைந்துகொண்டிருந்தது. "நான்தான், கதவைத்..." என் எதிரில் இருந்த கீபோர்டில் எல்லாக் கட்டையும் உயிரோடு இருந்தது. செம்பருத்தி இதழ் எதுவும் இல்லை. கையை எடுத்தேன்.

"திற" என்றார் மேடம். கீறல் இல்லை.

ஹெட்போனைக் கழற்றிக் கண்ணாடியைப் பார்த்தேன். அக்காவின் இரண்டு விரல்களுக்கு நடுவில் ஒரு கடலை உடையாமல் நின்றிருந்தது.

அவர்கள் போன பிறகு வயர்களைச் சுற்றி வைத்தேன். அக்கா ஃபிரிட்ஜைப் போட்டுச் சாவியை எடுத்தார். நாளைக்கு ஆபீஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். பத்து என்றேன். தலையாட்டினார். பிறகு கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார்.

எனக்குக் கை வரவில்லை. "மீட்டர யாராச்சும் துன்னுவாங்களாக்கா?"

"ரிட்டயர் ஆனவங்க துன்னலாம்பா" என்றார்.